முள்ளைப் பார்த்த பிறகுதான் மூடியைத் தொட்டார்

கன்னியப்பனைக் கொன்றது அவருடைய அவசரம் இல்லை. ஃபோர்மேன் வரதராஜுலு அவர்களே, நீங்கள் சொன்ன பொய்தான் கொன்றது.

இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லத்தான் எழுந்து நின்றேன். போன மாதம் விழுப்புரத்தில் ஓய்வு பெற்ற போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டத்தில் நீங்கள் மேடையில் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் கீழே இருந்தேன். மைக் கேட்டேன். "நேரமாயிடுச்சுங்க, சோறு ஆறுது" என்று என்னை உட்கார வைத்துவிட்டார்கள். சோறு ஆறினால் ஆறட்டும் என்று எழுதுகிறேன். நம் சங்க இதழை நீங்கள் வரி விடாமல் படிக்கிறவர் என்று எனக்குத் தெரியும்.

அன்று நீங்கள் பேசியது இது: "இப்ப வர்ற பசங்களுக்கு நிதானம் இல்ல. எங்க காலத்துலயும் ஒருத்தன் இருந்தான். மூடி கன்னியப்பன். சூட்டு மீட்டர் முள்ளு சிவப்புல நிக்குது, இவன் போய் ரேடியேட்டர் மூடியத் தொறக்கறான். வெந்து போனான்." கூட்டம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

இளம் தொழிலாளர்கள் சிலர் கொஞ்ச நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது வரும் வண்டிகளில் தண்ணீருக்குத் தனி டப்பா இருக்கிறது, காற்று தானாகவே வெளியே போய்விடுகிறது, அந்தக் காலத்தில் நீங்கள் இஞ்சினுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்றியது, ஏர் எடுத்தது எப்படி, எழுதுங்கள் என்று. சரி, எழுதுகிறேன். ஏர் எடுத்த கதையும் கன்னியப்பன் கதையும் ஒரே கதைதான்.

நான் ஏழுமலை, கோலியனூர் பக்கத்து ஆள். அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். ஐம்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் ஒரு தனியார் பஸ் கம்பெனி ஷெட்டில் வண்டி கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். கழுவினேன், கிரீஸ் அடித்தேன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன், பிறகு ஸ்பேனரை நானே பிடித்தேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் வந்தோம்.

அந்த ஷெட்டுக்கு ஃபோர்மேன் இதே வரதராஜுலு. அவரைத் தெரியாத இளம் ஆட்களுக்காகச் சொல்கிறேன். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய வேலையைப் பற்றி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். அவரைப் போல வேலை தெரிந்த மனிதரை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இஞ்சினுக்குள் கை விடுவார், சட்டையில் ஒரு பொட்டு கறை இருக்காது. கத்த மாட்டார். கெட்ட வார்த்தை வாயில் வராது. தப்பு செய்தவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு ஒன்றும் சொல்லாமல் அவன் கையையே பார்ப்பார். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும். மத்தியானம் எல்லாரும் கூடிச் சாப்பிடும்போது அவர் மட்டும் தன் மேஜையில் தனியாகச் சாப்பிடுவார். கையை மண்ணெண்ணெயில் கழுவி, மரத்தூளில் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டு, நகத்துக்குள் பார்த்துவிட்டுத்தான் டிபன் கேரியரைத் திறப்பார்.

எங்கள் ஷெட்டுக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பாகப் படியும். அதனால் அடிக்கடி பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். தண்ணீர் நிறைந்துவிட்டது போல வாய் வரைக்கும் தெரியும். ஆனால் இஞ்சின் தலைக்குள், ஹெட் என்போமே, அதற்குள் காற்று ஒரு மூலையில் குந்திக்கொண்டு தண்ணீரைச் சுற்ற விடாது. சில கம்பெனி வண்டிகளில் ஹெட் மேல் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால் காற்று போய்விடும். எங்கள் வண்டிகளில் அது கிடையாது. போதாக்குறைக்கு ரேடியேட்டர் வாய் ஹெட்டைவிடத் தாழ்வாக இருந்தது. சமதரையில் நிறுத்தி எவ்வளவு ஊற்றினாலும் காற்று அங்கேயே இருக்கும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் வரதராஜுலுதான். ஷெட்டின் கோடியில் செம்மண்ணும் செங்கல் ஜல்லியும் கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து ஒரு மேடு போட்டார். வண்டியின் முன் சக்கரம் இரண்டையும் அதில் ஏற்றிவிட வேண்டும். மூக்கு தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது ரேடியேட்டர் வாய்தான் உச்சி. மூடியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்க்கக் கூடாது, நூல் பிடித்த மாதிரி ஊற்ற வேண்டும். அப்புறம் இஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஓட விடுவது. சூடு ஏற ஏற, உள்ளே இருக்கும் வால்வு திறக்கும். திறந்ததும் வாயில் தண்ணீர் சட்டென்று கீழே இறங்கும். கொஞ்சம் ஊற்று. மேல் ஓஸை, அந்த ரப்பர்க் குழாயை, துணி சுற்றிப் பிடித்துப் பால் கறப்பது போல அமுக்கி விடு. கொப்புளம் கொப்புளமாக வரும். மறுபடி இறங்கும். மறுபடி ஊற்று. ஜல்தி ஜல்தி என்று யார் கத்தினாலும் காதில் வாங்கக் கூடாது.

ஃபோர்மேன் ஓஸில் காதை வைத்துக் கேட்பார். "இன்னும் பேசிக்கினு இருக்கறான்" என்பார். இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். "வாய மூடிட்டான், போட்றா மூடிய" என்றால் முடிந்தது. அவர் அப்படிச் சொல்லாமல் எந்த வண்டியும் மேட்டை விட்டு இறங்காது. அந்த மேடு இருந்தவரைக்கும் எங்கள் வண்டி எதுவும் கொதித்து வழியில் நின்றதில்லை.

டிரைவர்களுக்கு அவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். "முள்ளப் பாரு, அப்பறம் மூடியத் தொடு." டிரைவர் முன்னால் இருக்கும் சூட்டு மீட்டரின் முள் மேலே போய்ச் சிவப்பில் இருந்தால் ரேடியேட்டர் மூடிப் பக்கம் போகக் கூடாது. முள் கீழே இறங்கிய பிறகுதான் தொட வேண்டும். வேலைக்கு வரும் டிரைவரை முதல் நாளே நிற்க வைத்து இதைத் திருப்பிச் சொல்லச் சொல்வார்.

அந்தச் சட்டத்தை வேதமாக வைத்திருந்தவர் கன்னியப்பன். கிளியனூர்க்காரர். விழுப்புரம் திண்டிவனம் தடத்தில் ஓட்டினார். பெரிய உடம்பு, சின்னக் குரல். முள் கீழே இறங்கின பிறகும் அவர் வெறுங்கையால் மூடியைத் தொட மாட்டார். சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கு வைத்திருப்பார். அதை நனைத்து மூடியின் மேல் போட்டு, ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு திறப்பார். மற்ற டிரைவர்கள் அவருக்குச் சாக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தார்கள்.

"இன்னா மாப்ள, சாக்குக்கு எண்ண வச்சி சீவி வுட்டியா?"

"உனுக்கும் ஒண்ணு தரேன், வச்சிக்க. மூஞ்சி இருந்தாத்தான பொண்டாட்டி அடையாளம் கண்டுக்குவா" என்பார்.

அந்த மனிதரைத்தான் அவசரக்காரன் என்கிறீர்கள்.

முதலாளி புது வண்டி வாங்கினார். பூசை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஷெட்டுக்குள் கொண்டுவந்தால் நிறுத்த இடம் இல்லை. முதலாளி சுற்றிப் பார்த்தார். மேட்டைக் காட்டினார்.

"வரதராஜுலு, அந்த மண்ண வாரிக் கொட்டிட்டா அந்த எடத்துல இது நிக்கும் இல்ல?"

"நிக்குங்க மொதலாளி."

நான் பக்கத்தில் டயர் கழற்றிக்கொண்டிருந்தேன். ஒரே வார்த்தைதான். நிற்கும். முதலாளி உங்கள் பேச்சைத் தட்டாதவர். டயர் வாங்குவதானாலும் டிரைவரை எடுப்பதானாலும் உங்களைக் கேட்டுத்தான் செய்வார். "வேணாங்க, அது இல்லாம ஏர் எடுக்க முடியாது" என்று சொல்லியிருந்தால் புது வண்டி தெருவில் நின்றிருக்கும், அவ்வளவுதான். நீங்கள் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே மேடு தரையாயிற்று.

கொஞ்ச நாள் காலி வண்டியை ஏரிக்கரை ஏற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போய் அங்கே மூக்கைத் தூக்கி நிறுத்தி ஏர் எடுத்தோம். டீசல் வீணாகிறது என்று அதையும் முதலாளி நிறுத்தினார். அதற்கும் நீங்கள் தலையாட்டினீர்கள். அதன் பிறகு சமதரையில் ஊற்றி, ஓஸை நாலு அமுக்கு அமுக்கி, அனுப்பிக்கொண்டிருந்தோம். பாதி வண்டி தப்பித்தது. பாதி கொதித்தது. கொதித்த டிரைவரெல்லாம் ஷெட்டுக்கு வந்து பேஜாரு பேஜாரு என்று கத்தினார்கள். நீங்கள் அவர்கள் கையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

அன்றைக்குக் கத்திரி வெயில். கன்னியப்பன் வண்டியில் காலையில் கீழ் ஓஸ் வெடித்துவிட்டது. தண்ணீர் முழுவதும் போயிற்று. புது ஓஸ் போட்டு நீங்களே தண்ணீர் ஊற்றினீர்கள். சமதரையில். ஸ்டாண்டில் டிக்கெட் போட்டாயிற்று, மேலே மல்லாட்டை மூட்டை ஏற்றியாயிற்று என்று ஆள் மேல் ஆள் வந்தான். நீங்கள் ஓஸில் காதை வைத்தீர்கள். நிமிர்ந்தீர்கள். வாயை மூடிட்டான் என்று நீங்கள் சொல்லவில்லை. மூடியைப் போட்டீர்கள்.

கன்னியப்பன் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பும் செல்ஃபில் கை வைத்துவிட்டு எடுத்தார். வெளியே தலையை நீட்டிக் கேட்டார்:

"சார், ஏர் எடுத்தாச்சுங்களா?"

நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே சொன்ன பதில் என் காதில் விழுந்தது. கண்டக்டர் ஆரோக்கியசாமி காதிலும் விழுந்தது.

"எடுத்தாச்சு. முள்ளப் பாத்து ஓட்டு."

விக்கிரவாண்டி தாண்டி, கூட்டேரிப்பட்டு வருவதற்கு முன்னால் நடந்ததை ஆரோக்கியசாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் இப்போது இல்லை. இருந்தவரைக்கும் ஒரு சொல் மாற்றாமல் சொன்னார்.

இஞ்சின் இழுவை குறைந்து, ஏதோ கருகின வாடை வந்திருக்கிறது. கன்னியப்பன் வண்டியை ஒரு புளியமரத்து நிழலில் ஒதுக்கி நிறுத்தினார். "முள்ளு கீழதான் படுத்துக்கினு இருக்குது ஆரோக்கியம். பெல்ட்டு கில்ட்டு கருகுதா பாக்கறேன்" என்று இறங்கினார். பெல்ட் நன்றாக இருந்தது. ரேடியேட்டரின் அடிப்பக்கம் கை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. திரும்பப் போய் முள்ளைப் பார்த்தார். கீழேயே இருந்தது. தண்ணீர் இருக்கிறதா பார்க்கலாம் என்று மூடிக்குப் போனார்.

"அண்ணே, சாக்கு எடுத்தாரட்டா?"

"எதுக்குடா? பச்சத் தண்ணியாட்டம் இருக்குது."

திறந்தார்.

அதற்கு மேல் ஆரோக்கியசாமி சொன்னதை எழுத மாட்டேன். திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு ஒரு லாரியில் கொண்டு போனார்கள். அங்கிருந்து பாண்டிச்சேரிக்கு. நான் போய்ப் பார்த்தேன். முகம் முழுக்கக் கட்டு. வாய் இருந்த இடத்தில் ஒரு துளை விட்டிருந்தார்கள். அதன் வழியாக அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"முள்ளு கீழதான ஏழுமல இருந்திச்சி?"

"ஆமாண்ணே" என்றேன். நான் அந்த இடத்தில் இல்லை. இருந்தாலும் ஆமாம் என்றேன். அதற்குள் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதை அடுத்துச் சொல்கிறேன். சில நாளில் போய்விட்டார்.

விபத்துக்கு மறுநாள் காலை வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். இஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. கருகின வாடைக்கே அவர் நிறுத்திவிட்டதால் ஹெட் தப்பியது. நீங்கள் எல்லாரையும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு என்னை மட்டும் நிறுத்திக்கொண்டீர்கள். முந்தின நாள் ஊற்றின மாதிரியே சமதரையில் தண்ணீர் ஊற்றினீர்கள். கிளப்பச் சொன்னீர்கள். நெடுநேரம் ஓட விட்டீர்கள். ஒரு கரண்டித் தண்ணீரை ஹெட் மேல் விட்டீர்கள். சுர்ரென்று துள்ளி ஆவியாகப் போயிற்று. கதவைத் திறந்து உள்ளே எட்டி முள்ளைப் பார்த்தீர்கள். நானும் உங்கள் தோளுக்கு மேலே பார்த்தேன். முள் கீழே கிடந்தது. நகத்தால் கண்ணாடியைத் தட்டினீர்கள். அது அசையவில்லை.

ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் அப்போது புரிந்தது. முள்ளின் மறுமுனையில் ஒரு சின்னக் குமிழ் ஹெட்டுக்குள் இருக்கிறது. தண்ணீரில் முழுகி இருந்தால்தான் அதற்குச் சூடு சரியாகத் தெரியும். காற்றுக்குள் நின்றால் தெரியாது. அடியில் ரேடியேட்டர் குளிர்ந்து கிடந்ததும் அதனால்தான். தண்ணீர் சுற்றவே இல்லை. ஹெட்டுக்குள் கொதித்த ஆவி மட்டும் மேல் ஓஸ் வழியாக வந்து மூடிக்கு அடியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எங்கே காற்று இருந்ததோ அங்கேதான் முள்ளின் உயிர் இருந்தது. எந்த வண்டி கொதிக்குமோ அந்த வண்டியில்தான் முள் பொய் சொல்லும்.

பிறகு நீங்கள் ஜாக்கி வைத்து, பலகை கொடுத்து, வண்டியின் மூக்கைத் தூக்கினீர்கள். முறைப்படி ஏர் எடுத்தீர்கள். கொப்புளங்கள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. கடைசியில் முள் மெல்ல எழுந்து தன் இடத்துக்குப் போய் நின்றது. நீங்கள் இஞ்சினை நிறுத்தச் சொன்னீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "கையக் கழுவிட்டு சாப்புடப் போ" என்றீர்கள்.

கன்னியப்பன் இறந்த பிறகு கம்பெனியில் விசாரணை நடந்தது. முதலாளி ஆபீஸ் அறையில் கதவை மூடிக்கொண்டு நடத்தினார்கள். ஆரோக்கியசாமியைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, "கூட்டாளிக்குப் பரிஞ்சி பேசறான்" என்று தள்ளினார்கள். நான் வெளியே நின்று எனக்கும் சொல்ல இருக்கிறது என்றேன். "ஃபோர்மேன் சொன்னாப் போதும்" என்றார் கணக்கர். நீங்கள் சொன்னீர்கள்: முள் சிவப்பில் இருக்கும்போது மூடியைத் திறந்திருக்கிறான். என் சட்டத்தை மீறியிருக்கிறான்.

வெளியே வந்த உங்களைத் தண்ணீர்த் தொட்டியிடம் நிறுத்திக் கேட்டேன்.

"இன்னா சார் இது? அன்னிக்கு ரெண்டு பேருந்தான முள்ளப் பாத்தோம்?"

"ஏழுமல, செத்தவன் எழுந்து வரப் போறானா? ஷெட்டு மேல பழி வந்தா வண்டிய நிறுத்திப்புடுவாங்க. இத்தினி பேரும் எங்க போவீங்க?"

"மேடு இருந்திருந்தா..."

"மேட்டப் பத்திப் பேசாத."

அந்த ஒரு தடவைதான் நீங்கள் குரலை உயர்த்தி நான் கேட்டேன். அடுத்த வாரமே எனக்குத் திண்டிவனம் ஸ்டாண்டில் பஞ்சர் பார்க்கிற வேலை. ஷெட்டுக்குள் மறுபடி நான் கால் வைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. அதைப் பற்றி எனக்குக் குறை இல்லை. பஞ்சர் ஒட்டுவதும் வேலைதான்.

கன்னியப்பனின் மனைவி அஞ்சலை, நான் எடுத்து வைத்திருந்த அவருடைய காக்கிச் சட்டையையும் அந்தச் சாக்கையும் வாங்கிப் போகத் திண்டிவனத்துக்கு வந்தது. அழவில்லை. சாக்கை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டது:

"அண்ணே, அவரு முள்ளப் பாத்தாரா, பாக்கலியா? அத்த மட்டும் சொல்லுங்க."

"பாத்தாரும்மா. ரெண்டு தரம் பாத்தாரு."

"அப்ப அத்த அவங்களாண்ட சொல்லுங்க. என்னாண்ட சொல்லி இன்னா?"

அவங்களாண்ட சொல்லத்தான் இத்தனை வருஷமாக முயற்சி செய்கிறேன். முதலாளி போய்விட்டார். கம்பெனி போய்விட்டது, வண்டியெல்லாம் அரசாங்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் நீங்கள் சொன்னது மட்டும் போகவில்லை. நீங்கள் பயிற்சி கொடுத்த ஆட்கள் போன ஷெட்டுக்கெல்லாம் அது போயிற்று. புதிதாக வரும் டிரைவர்களுக்கு மூடி கன்னியப்பன் கதையைச் சொல்லி எச்சரிப்பது வழக்கமாகிவிட்டது. அதோடு முள்ளைப் பார், மூடியைத் தொடு என்ற அந்தச் சட்டத்தையும் அப்படியே சொல்லிக்கொடுத்தார்கள். முள் பொய் சொல்லும் என்று எவனும் எவனுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கு நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

கன்னியப்பனின் மகனும் டிரைவர் ஆனான். முதல் நாள் பயிற்சியில் இவன் யார் பிள்ளை என்று தெரியாமலே அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. என்னிடம் வந்து சொன்னான். "எங்கப்பா பேரக் கேட்டா நான் இப்ப வேற பேரு சொல்றேன் மாமா" என்றான்.

ஃபோர்மேன் சார், நீங்கள் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. வேலை தெரியாமல் தப்பு செய்தவரை மன்னித்துவிடலாம். உங்களுக்குத் தெரியும். மேட்டைப் போட்டவர் நீங்கள். எடுத்தவரும் நீங்கள். முள் ஏன் பொய் சொன்னது என்று கண்டுபிடித்தவரும் நீங்கள். கண்டுபிடித்த கையோடு போய் முள் சிவப்பில் இருந்தது என்று சொன்னீர்கள். அன்று பயந்து சொன்னீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது யாருக்குப் பயம்? வேலை இல்லை, முதலாளி இல்லை, ஷெட் இருந்த இடத்தில் இன்று கடைகள் இருக்கின்றன. போன மாதம் உங்களை யாரும் கேட்கவில்லையே. நீங்களாகத்தானே அந்தப் பேரை எடுத்தீர்கள்?

தனியாக எனக்குப் பதில் வேண்டாம். ஆள் விட்டுப் பேச வேண்டாம். வீட்டுக்கு வா, காபி சாப்பிட்டுக்கொண்டு பேசுவோம் என்று சொல்லி அனுப்ப வேண்டாம். அடுத்த கூட்டம் அதே மண்டபத்தில்தான் நடக்கப் போகிறது. அதே மேடை, அதே மைக். அஞ்சலைக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கிறது. கிளியனூருக்குப் போய் நானே கூட்டி வருகிறேன். மகனையும் கூட்டி வருகிறேன். முன் வரிசையில் உட்கார வைக்கிறேன். அன்று சிரித்தவர்களும் வந்து உட்காரட்டும்.

அவர்கள் முன்னால் சொல்லுங்கள். அன்று காலை கன்னியப்பன் தலையை நீட்டி, "சார், ஏர் எடுத்தாச்சுங்களா?" என்று கேட்டாரே, ஏர் எடுத்தாயிற்றா, இல்லையா?